வால்வு பூட்டியாச்சு

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன் அல்ல. சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு, வரை படித்தேன்; அதிலும் தமிழ்ப் பாடத்தில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளும்படி பெறுபேறு. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு விண்ணப்பமும் வீட்டுக்குக் கடிதமும்தான். கைக்கு போன் வந்ததும் கடிதமும் நின்றுபோனது. மாத்தளையில் சஞ்சிகை நடத்தும் நண்பர் ஒருவர், வெளிநாட்டு அனுபவத்தை எழுதித் தாங்க என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் தள்ளிப்போட்டேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காத ஆள் நான். என் வாய் திறக்காததால் ஒருவருக்கு என்ன ஆனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். இதை எழுத இவனுக்கு என்ன தகுதி என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து பதினொரு வருடம். நாட்டின் பெயரை எழுதவில்லை, ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதவில்லை. வெயில் நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதினால் இன்னும் இங்கே இருக்கிறவர்களுக்குத்தான் சிக்கல்.

2

வேலையைப் பற்றிச் சொல்லாமல் நடந்தது விளங்காது.

ஒன்பது மாடி ஆஸ்பத்திரி ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பைப் வேலை செய்கிறேன். அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு உருவம் இருக்கிறது, கம்ப்யூட்டருக்குள். எஞ்சினியர்கள் அதை ‘பிம்’ என்பார்கள். நாங்கள் ‘மாடல்’ என்போம். பழைய வரைபடம் மாதிரித் தட்டையானது இல்லை. டேப்லெட்டில் விரலால் சுவரைத் தள்ளினால் சுவர் விலகும், உள்ளே ஓடுகிற பைப் தெரியும். ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் இலக்கம். தொட்டால் எப்போது வாங்கியது, யார் கடைசியாகக் கை வைத்தது, அடுத்து எப்போது பார்க்க வேண்டும், எல்லாம் வரும். திறந்திருந்தால் பச்சை. மூடியிருந்தால் மஞ்சள். மூடி, வேறு யாரும் திறக்காதபடி பூட்டும் போட்டிருந்தால் சிவப்பு. பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம்.

கட்டியவர்கள் கட்டடத்தோடு மாடலையும் ஒப்படைத்தார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவில்லை. மாடலில் கை கழுவும் பேசின் இருந்த இடத்தில் நிஜத்தில் தீயணைப்புக் குழாய் அலுமாரி. மாடலில் நேராகப் போன பைப் நிஜத்தில் தூணைச் சுற்றிக்கொண்டு போனது. ஏணியும் டேப்லெட்டுமாக மாடி மாடியாய் ஏறி, எது எங்கே வித்தியாசம் என்று பார்த்துச் சொல்வது எட்டு மாதமாக எனக்கும் ஜயதிஸ்ஸவுக்கும் வேலை.

ஜயதிஸ்ஸ என்னைப் போலவே மாத்தளைப் பக்கம், பல்லேபொலக்காரர். ஐம்பத்திரண்டு வயது. என்னை ‘மல்லி’ என்பார், தம்பி என்று அர்த்தம். நான் ‘அய்யே’ என்பேன், அண்ணன். எங்கள் பேச்சு சிங்களத்தில்தான். ஒரே மாவட்டத்துக்காரர்கள் என்பதால் கம்பெனியே எங்களைச் சோடி சேர்த்துவிட்டது.

வாகனங்கள் இறங்குகிற சரிவுக்குக் கீழே எங்களுக்கு ஒரு ரூம் இருந்தது. எங்களுக்கு முன் இருந்த ஆட்கள் பலகை அடித்துச் செய்தது. ஒரு பெஞ்ச், ஒரு கேத்தல், ஒரு தண்ணீர்க் குழாய், ஓர் அலுமாரி. பதினாறு பேர் முறை வைத்துச் சாப்பிடுவோம். ஒரு நாள் ஜயதிஸ்ஸ அந்த இடத்தை மாடலில் தேடிப் பார்த்தார். அங்கே ரூம் இல்லை. வெறும் கொங்கிரீட் என்று காட்டியது.

“அப்ப நாம கொங்கிரீட்டுக்குள்ள உட்கார்ந்துதான் தேத்தண்ணி குடிக்கிறோம், மல்லி” என்றார்.

நாங்கள் அதை மேலே அறிவிக்கவில்லை. எட்டு மாதத்தில் நாங்கள் கண்டும் சொல்லாமல் விட்ட ஒரே வித்தியாசம் அதுதான்.

அந்த அலுமாரியில் சீனி களவு போகிறது என்று யாரோ வால்வுக்குப் போடும் பூட்டுகள் தொங்குகிற பாதுகாப்புப் பலகையிலிருந்து ஒரு சிவப்புப் பூட்டை எடுத்து வந்து போட்டிருந்தார்கள். சிங்களத்தில் இந்த மாதிரித் தொங்கும் பூட்டை ‘இப்பா’ என்பார்கள். ஆமைக்கும் அதே சொல். சீனிக்கு ஆமை காவல் என்று ஜயதிஸ்ஸ சிரிப்பார்.

எனக்கு மாடலைப் பிடித்திருந்தது. அதற்குக் காரணம் உண்டு. இங்கே வருவதற்கு முன் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்தேன். அங்கே வரைபடமும் இல்லை, ஒன்றும் இல்லை. எந்த வால்வு எதை நிறுத்தும் என்பது பியதாச என்ற ஒருவருக்குத்தான் தெரியும். அவர் யாருக்கும் சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் அவரை எதற்கு வைத்திருக்கிறார்கள்? ஒரு தடவை அவர் சாவு வீட்டுக்குப் போயிருந்த நாளில் சமையலறைப் பைப் வெடித்தது. நாங்கள் தோட்டம் முழுக்க ஓடிக் கண்ட வால்வையெல்லாம் மூடினோம். தண்ணீர் நிற்கவில்லை. கடைசியில் முழு ஹோட்டலுக்கும் நிறுத்தினோம். சோப்புப் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் துவாயோடு வெளியே வந்து நின்றார்கள். அதைப் பார்த்த எனக்கு, ஒரு மனிதன் தலைக்குள் ஒளித்து வைக்க முடியாதபடி எல்லாம் டேப்லெட்டில் கிடப்பது பெரிய நிம்மதியாக இருந்தது.

3

மாடலில் விவரங்களை ஏற்றுகிறவன் சண்முகம். கீழ்த் தளத்தில் குளிரூட்டிய அறையில் இரண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் இருப்பான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், முப்பது வயது, நல்ல குணம். எனக்கு ஆங்கிலத்தில் தட்டெழுத நேரம் எடுக்கும் என்று, “தமிழ்லயே போட்டு விடுங்கண்ணே, நான் ஏத்திக்கிடுறேன்” என்று அவனே சொல்லியிருந்தான். செய்த வேலையை நான் போனில் தமிழில் அனுப்புவேன். அவன் ஆங்கிலத்தில் ஏற்றுவான். சூப்பர்வைசருக்கும் இது தெரியும். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று விட்டுவிட்டார்.

ஒரு தடவை நான் ‘ஆறாம் மாடி ஃபேன் பூட்டியாச்சு’ என்று அனுப்பினேன். அவன் திருப்பி, ‘எதுக்குண்ணே பூட்டுனீங்க? ஃபேனை எவனும் தூக்கிட்டுப் போயிருவானா?’ என்று சிரிக்கிற முகங்கள் போட்டு அனுப்பினான். பிறகு நேரில் விளக்கினேன். எங்கள் பக்கம் பூட்டுவது என்றால் மாட்டுவதும்தான். பல்ப் பூட்டுவோம். டயர் பூட்டுவோம். சாவி போட்டுக் கதவையும் பூட்டுவோம். எங்கள் ஊர் யட்டவத்தைச் சந்தியில் கடை பூட்டியிருக்கு என்றால் மூடியிருக்கு என்று அர்த்தம்.

“ஒரே சொல்லை வச்சுக் குடும்பமே நடத்துறீங்களேண்ணே” என்றான்.

இதற்குப் பல வாரம் கழித்து மூன்றாம் மாடியில் கொதிநீர்ப் பைப்பில் 14ஆம் இலக்க வால்வு இறுகிப்போனது. அந்தப் பைப் சலவைப் பகுதிக்குப் போகிறது. நான் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினேன். தண்ணீரைத் திறந்து விட்டேன். கசிவு இல்லை. டேப்லெட் அன்றைக்கு அடுத்த ஷிஃப்ட்காரரிடம். ஏணியில் நின்றபடியே போனில் தட்டினேன்:

‘3ம் மாடி 14 புது வால்வு பூட்டியாச்சு.’

மாடலில் ஒரு வால்வின் நிலையைக் குறிக்க மூன்று சொற்கள்தான் உண்டு. திறந்தது, மூடியது, பூட்டியது. மாட்டியது என்று ஒரு சொல் இல்லை. மாடலைப் பொறுத்தவரை எல்லாம் ஏற்கனவே மாட்டி முடிந்தவை. சண்முகத்துக்கு அன்று ஐம்பது, அறுபது பதிவுகள் இருந்திருக்கும். என் வரியைப் பார்த்தான். மூன்று சொற்களில் மூன்றாவதை அமத்தினான்.

கொதிநீர் ஓடிக்கொண்டிருந்த வால்வு மாடலில் சிவப்பாக மாறியது.

4

நாலாம் நாள், சலவைப் பகுதியில் அதே பைப்பின் மூட்டு ஒன்று கசிகிறது என்று ஜயதிஸ்ஸவை அனுப்பினார்கள். நான் அன்று வேறு தளத்தில்.

எங்கள் ரூம் சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது: பைப்பைக் கழற்றும் முன் வால்வை உன் கண்ணால் பார், உன் பூட்டை நீயே போடு. அதன் கீழே எல்லோரும் கையெழுத்து வைத்திருந்தோம். ஆனால் அந்த வால்வு நோயாளிகள் படுத்திருக்கிற வார்டின் சீலிங்குக்குள் இருக்கிறது. ஏணி வைக்க வார்டில் அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு ஒரு போம் நிரப்ப வேண்டும், அதற்கு ஒரு நாள். மாடலில் பார்த்தால் போதும், அதற்குத்தானே இவ்வளவு செலவழித்து வாங்கியிருக்கிறது என்று வருடம் முழுக்க எங்களுக்குச் சொல்லப்பட்டது. ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தோம். மற்றதைச் செய்துகொண்டிருந்தோம்.

ஜயதிஸ்ஸ டேப்லெட்டைப் பார்த்தார். சிவப்பு. பூட்டுப் படம். வழக்கமாகப் புறங்கையால் பைப்பைத் தொட்டுப் பார்க்கிற மனிதர். அந்த இடத்தில் பைப்பின் மேல் சூடு தாங்கும் உறை சுற்றியிருந்தது. நட்டைத் தளர்த்தினார். இரண்டாவது நட்டோடு மூட்டு பிளந்தது.

வலது கை முழங்கை வரை. கழுத்தில் ஒரு பக்கம்.

என்னைக் கூப்பிட்டு நான் ஓடி வருவதற்குள் அவரை எங்கள் ரூமுக்குக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்து, குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே ஒன்பது மாடி நிறைய டொக்டர்கள். ஆனால் எங்கள் கம்பெனியின் காப்புறுதி அட்டை அந்த ஆஸ்பத்திரியில் செல்லாது. செல்லுகிற ஆஸ்பத்திரி நகரத்தின் மறுபக்கம். கம்பெனி வேன் வரும்வரை காத்திருந்தோம். அவர் கத்தவில்லை. “மல்லி, மாடல்ல சிவப்பா இருந்துச்சு” என்று மூன்று நாலு தடவை சொன்னார். யாரும் அதை மறுக்கவில்லை, ஆனாலும் சொன்னார்.

5

அடுத்த நாளே விசாரணை. வால்வு திறந்திருக்கிறது, பூட்டு இல்லை. மாடல், பூட்டு இருக்கிறது என்கிறது. மாடலில் வேலை செய்தவர் என்று என் இலக்கம். பாதுகாப்பு அதிகாரி ஓர் இளைஞர், வேகமாக ஆங்கிலம் பேசுகிறவர். என்னை உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. 14ஆம் வால்வை நீ லொக் பண்ணினாயா என்று கேட்டார்.

“யெஸ் சார்.”

இதை நான் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. லொக் என்றதும் என் தலைக்குள் பூட்டு என்று விழுந்தது. பூட்டினேன் தானே? அதோடு, புரிந்ததோ புரியவில்லையோ, அந்த மாதிரி மேசைக்கு முன் பதினொரு வருடமாக நான் சொல்லிவருவது அந்த இரண்டு சொல்தான். ஒரு பேப்பரை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து, லிஃப்ட் கதவு மூடுகிறபோதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்கியது.

திரும்பிப் போயிருக்கலாம். லிஃப்ட் இரண்டு நிமிடத்தில் மேலே போயிருக்கும். நான் கீழே இறங்கி வேலைக்குப் போனேன்.

அதன்பின் நடந்தது இப்படி. நான் பூட்டியிருக்கிறேன் என்றால் யாரோ கழற்றியிருக்க வேண்டும். அந்தப் பைப்பில் கை வைத்தவர் ஜயதிஸ்ஸ ஒருவர்தான். பாதுகாப்புப் பலகையில் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு சிவப்புப் பூட்டு குறைந்தது. கழற்றி ஒளித்துவிட்டார் என்று முடிவு. பாதுகாப்புப் பூட்டைக் கழற்றினால் அந்த நிமிடமே வேலை போகும்; சிகிச்சையும் அதோடு நிற்கும். அவருக்குக் கையில் தோல் ஒட்டும் ஒப்பரேஷன் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் செய்யாவிட்டால் விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். விசாரணை முடிந்து கடிதம் வர இரண்டு வாரம். அதற்குள் ஒப்பரேஷனுக்கு நாள் கிடைக்காது.

அந்தக் குறைந்த பூட்டு எங்கே தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். பதினாறு பேருக்கும் தெரியும். தினமும் சீனி எடுக்கும்போது அதைத் தொட்டோம். சொன்னால் ரூமைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவரும் பேசவில்லை. என் விசாப் புதுப்பிப்புப் பேப்பர் வேறு அந்த வாரம் கம்பெனி மேசையில் இருந்தது.

6

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு போன் எடுத்தேன். எங்கள் வீடு யட்டவத்தை ரோட்டில். முன்பு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். இங்கே வந்த பிறகு கட்டியது. அந்த வீட்டில் நான் மொத்தம் ஏழு மாதம் இருந்திருப்பேன்.

ஜயதிஸ்ஸவின் மனைவி வந்து போனதாக என் மனைவி சொன்னாள். பல்லேபொலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு பையில் பட்டர் புரூட் பழங்களோடு வந்திருக்கிறார். புருஷன் அவரிடம் கையில் சின்னச் சூடு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வீடியோவில் பேச மாட்டேன் என்கிறாராம்.

“நெசமாவே சின்னச் சூடுதானான்னு ஒங்ககிட்ட கேட்கச் சொன்னாங்க” என்றாள் மனைவி. “நீங்க கூடவே வேல செய்றவராம், பொய் சொல்ல மாட்டீங்களாம்.”

நான் என்ன சொன்னேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. லைன் சரியில்லை, பிறகு எடுக்கிறேன் என்றேன்.

7

திங்கட்கிழமை ஜயதிஸ்ஸவைப் பார்க்க, நாங்கள் தங்குகிற கம்பெனி முகாமில் அவர் அறைக்குப் போனேன். கை மார்போடு கட்டியிருந்தது. கொஞ்ச நேரம் மிளகு விலை பேசினோம். பிறகு அவர் கேட்டார்.

“மல்லி, நீ அதுக்கு ஆமை போட்டியா?”

தமிழில் கேட்டிருந்தால், பூட்டினேன் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. சிங்களத்தில் மாட்டுவது வேறு, பூட்டுப் போடுவது வேறு. ஒளிய இடமில்லை.

“இல்லை அய்யே.”

“அப்ப நான் கழட்டல.”

“இல்லை. நீங்க கழட்டல.”

“நான்தான் கழட்டிட்டு மறந்துட்டேனோன்னு நெனச்சேன்” என்றார். “எல்லாரும் கேட்கக் கேட்க, கழட்டின மாதிரியே ஞாபகம் வந்துச்சு.”

அவர் என்னைத் திட்டவில்லை. கேத்தலைக் காட்டி, தேத்தண்ணி ஊற்றிக்கொள், எனக்கு ஒரு கையால் முடியாது என்றார். இரண்டு கோப்பை ஊற்றினேன். அவருக்கு நான் கோப்பையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அங்கிருந்தே மகளுக்கு போன் எடுத்தேன். தர்ஷினி சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஆங்கிலம், சிங்களம் இரண்டும் சரளம். என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. ‘ஓகேப்பா, டியூட்டி’ என்று முடித்துவிடுவாள். அன்று எனக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்றதும் நின்று கேட்டாள். பூட்டு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று எழுத வேண்டும் என்றேன்.

“பூட்டுன்னா லொக் தானேப்பா?”

மாட்டுறதையும் அப்படித்தானே சொல்வோம் என்றேன்.

“நாங்க ஃபிக்ஸ் பண்றதுன்னுதான் சொல்றோம். அப்படி அம்மாதான் சொல்லும்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆமா, அம்மா சொல்லும்.”

பத்து நிமிடத்தில் எழுதி அனுப்பினாள். பக்கம் முழுக்க வரும் என்று நினைத்திருந்தேன், ஆறு வரிதான். அனுப்பிவிட்டு ஒரு குரல் பதிவு போட்டிருந்தாள். “அப்பா, நீங்க அன்னைக்கே இத சொல்லியிருந்தா அந்த அங்கிள் இவ்வளவு நாள் கஷ்டப்பட்டிருக்க மாட்டாருல்ல?” குரலில் கோபம் இல்லை. வரவேற்பு மேசையில் விருந்தாளியிடம் விவரம் கேட்கிற குரல்.

8

செவ்வாய்க்கிழமை பாதுகாப்புப் பிரிவுத் தலைவியிடம் போனேன். நடுத்தர வயது எஞ்சினியர் அம்மா. மகள் எழுதிய ஆறு வரியைப் படித்தார். நீ முதலில் ஆம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்றார். அது தப்பு, பயத்தில் சொன்னது, அங்கே பூட்டே போடவில்லை என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு வாக்குமூலம் இருந்தால் எதை நம்புவது என்று கேட்டுவிட்டு, சண்முகத்தைக் கூப்பிட்டார்.

அவன் வந்து என் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்க்கவில்லை. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டா என்று அவர் கேட்டார்.

“நோ மேடம்” என்றான். “ஒன்லி லொக்.”

என் சட்டைப்பையில் போன் இருந்தது. அதில் அவன் அனுப்பிய ஃபேன் பகிடி, தேதியோடு, சிரிக்கிற முகங்களோடு இருந்தது. அவனுக்கு அந்த அர்த்தம் தெரியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். எடுத்துக் காட்டினால் போதும். ஆனால் அவன் சொன்ன ‘நோ மேடம்’, நான் சொன்ன ‘யெஸ் சார்’ போலவே இருந்தது. அதே வேகம், அதே பணிவு. நான் போனை எடுக்கவில்லை. அது சரியா, மறுபடியும் வாய் திறக்காமல் விட்டதுதானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சண்முகம் போன பிறகு, காணாமல் போன பூட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றேன். அவர் டேப்லெட்டை என் பக்கம் திருப்பி, இடத்தைத் தொட்டுக் காட்டு என்றார். தளங்களை விலக்கி, சரிவுக்குக் கீழே விரலை வைத்தேன்.

இங்கே ரூம் இல்லையே என்றார்.

“இருக்கு மேடம்.”

அவரே என்னோடு இறங்கி வந்தார். சாப்பாட்டு நேரம். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றார்கள். சிவப்புப் பூட்டு அலுமாரியில் தொங்கியது. அவர் அதன் இலக்கத்தைப் படம் எடுத்தார். குறைந்த பூட்டின் இலக்கம்தான். பெஞ்சையும், கேத்தலையும், பலகைச் சுவரில் ஒட்டியிருந்த விதியையும், அதன் கீழே எங்கள் கையெழுத்துகளையும் படம் எடுத்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது என்னிடம், நீ சொன்னது நல்லது என்றார்.

அன்று பின்னேரமே ஜயதிஸ்ஸவின் பேப்பரில் ‘பூட்டைக் கழற்றினார்’ என்பதை வெட்டினார்கள். ‘கண்ணால் சரிபார்க்கவில்லை’ என்பது அப்படியே இருந்தது. ஒப்பரேஷன் வரை வைத்திருந்து, முடிந்ததும் ஊருக்கு அனுப்புவதாக முடிவு. விரல் நேராகுமா என்பது செய்து பார்த்தால்தான் தெரியுமாம். அவரிடம் போய்ச் சொன்னேன். தலையாட்டினார். பல்லேபொலைக்கு போன் எடுத்து, வீடியோவைப் போட்டு, மனைவிக்குக் கையைக் காட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

என் விசாப் பேப்பர் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

9

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்தேன். 14ஆம் வால்வு மாடலில் பச்சையாக இருந்தது. இனி ஆங்கிலத்தில் மட்டும் பதிவு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பத்து மணிக்கு நாலு பேர் வந்து எங்கள் ரூமைப் பிரித்தார்கள். கேத்தலை யாரோ எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் எல்லோரும் அவசரப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் போனபோது ஒருவரும் நகர்ந்து இடம் தரவில்லை. பின்னேரம் சண்முகத்தைக் கூப்பிட்டு, ரூமைப் பிரித்ததை மாடலிலும் திருத்தச் சொன்னார்கள். அவன் தேடிப் பார்த்தான். மாடலில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.